ரோம் இடிபாடுகளைத் தமிழ் ஆடியோ வச்சு சுத்திப் பாக்க என்ன வழி?

பாளை_தெற்குபஜார்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அக்டோபர்ல அப்பாவும் அம்மாவும் ரோம் போறாங்க. ரெண்டு பேருக்கும் 65 தாண்டியாச்சு. நல்லா நடப்பாங்க, படி ஏறுறதுதான் சிரமம். தங்கச்சி கூடப் போறா, அவளுக்கும் அந்த ஊர் புதுசு. கொலோசியத்துக்கும் அதை ஒட்டியிருக்கிற பழைய நகரச் சதுக்கம் ரோமன் ஃபோரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கு. இன்னொரு நாள் சும்மா கையில இருக்கு. கைடு வச்சா இங்கிலீஷ்ல கடகடன்னு பேசுவாங்க, அப்பாவுக்குப் பிடிபடாது. தமிழ்ல ஆடியோ எதுவும் தேடிக் கிடைக்கல. நாமளே தமிழ்ல பேசிப் பதிஞ்சு போன்ல ஏத்திக் கொடுத்தா சரிப்படுமா? இல்ல, இருக்கிற இங்கிலீஷ் ஆடியோவை அப்படியே மொழிபெயர்த்தாப் போதுமா? எத்தனை இடம், எங்க ஆரம்பிக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குறுக்குத்துறை:

தாராளமாப் பண்ணலாம். ஆனா மொழிபெயர்ப்பு வேண்டாம். அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிக் ஸ்டீவ்ஸோட ஆப்ல கொலோசியம், ஃபோரம், பாந்தியன், ஆஸ்டியா, பொம்பெய் எல்லாத்துக்கும் இலவச ஆடியோ இருக்கு, நல்லாவும் இருக்கும். ஆனா அவர் பேசுறது அமெரிக்காக்காரங்ககிட்ட. அவங்க பள்ளிக்கூடத்துல படிச்சதை மனசுல வச்சு சொல்லுவார். நீங்க அதைக் கேட்டு பாதை எப்படிப் போகுதுன்னு மட்டும் புரிஞ்சிக்கிடுங்க, பேச்சை நீங்களே எழுதுங்க.

முதல்ல டிக்கெட். கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் குன்று மூணும் சேர்ந்து ஒரே டிக்கெட், 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு மட்டும் நுழையுற நேரம் குறிச்சிருக்கும். அதிகாரப்பூர்வ தளத்துல 30 நாள் முன்னாடிதான் திறக்கும், சீக்கிரமே தீந்துரும். டிக்கெட்ல பேர் இருக்கும், அதனால பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே எழுத்துப் பிசகாம போடுங்க, இனிஷியலை விரிச்சு எழுதியிருந்தா அதையும் அப்படியே. வாசல்ல பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுவாங்க. ஃபோரம்–பாலட்டைனுக்குள்ள ஒரு தடவைதான் நுழைய முடியும். சாப்பிட வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது. மாசத்தோட முதல் ஞாயிறு இலவசம், வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு அந்தக் கூட்டத்துல நிக்க வேண்டாம்.

இப்ப ஆடியோவுக்கு வாரேன். இதுல பெரும்பாலும் குழப்பம் வர்றது எங்க நுழையுறதுங்கிற விஷயத்துலதான். நிறைய ஆடியோ டைட்டஸ் ராஜாவோட வெற்றி வளைவுல ஆரம்பிக்கும், அது கொலோசியம் பக்கத்து முனை. ஃபோரி இம்பெரியாலி சாலையில இருக்கிற வாசல் வழியா நுழைஞ்சா நேரா ஃபோரத்தோட நடுவுல போய் இறங்குவீங்க. காதுல "இடது பக்கம் வளைவைப் பாருங்க"ன்னு ஓடும், எதிர்ல வேற ஏதோ நிக்கும். சான் கிரெகோரியோ தெருவாசல்ல கூட்டம் குறைவு, ஆனா அது பாலட்டைன் குன்றுல ஏத்தி விட்டுரும். எந்த வாசல் திறந்திருக்கும், எது வெளியேற மட்டும்ங்கிறதும் அப்பப்ப மாறும். அதனால எந்தப் பதிவும் முந்தின பதிவை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொண்ணும் தனியா நிக்கணும், எந்த வரிசையில கேட்டாலும் புரியணும்.

"இடது, வலது"ன்னு சொல்லாதீங்க, ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிக்காங்கன்னு நமக்குத் தெரியாது. கண்ணுக்குத் தட்டுப்படுற அடையாளத்தைச் சொல்லுங்க: "கொலோசியத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க" இந்த மாதிரி. முதல் 15 நொடி எங்க நிக்கணும், எதைப் பாக்கணும்ங்கிறது மட்டும். வரலாறு அதுக்கப்புறம்.

உதாரணத்துக்கு அந்தோனினஸ்–ஃபாஸ்டினா கோவில். எல்லாரும் தூணைப் படம் எடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க பதிவுல சொல்ல வேண்டியது: "முன்னால ஆறு பெரிய தூண். தூணுக்குப் பின்னால சுவருல பச்சைக் கதவு ஒண்ணு இருக்கு, பாருங்க. கீழ படிக்கும் கதவுக்கும் நடுவுல எத்தனை ஆள் உயரம்?" அப்புறம் விளக்கம். கோவில் கட்டத் தொடங்குனது கி.பி. 141ல, ராணி ஃபாஸ்டினா இறந்ததும் அவளுக்காக. அவ புருஷன் ராஜா அந்தோனினஸ் போனப்புறம் அவர் பேரையும் சேத்துக் கல்லுல வெட்டினாங்க, அந்த எழுத்து இன்னும் தூணுக்கு மேல இருக்கு. பின்னாடி அது சர்ச் ஆச்சு. இடைக்காலத்துல ஃபோரம் மண் மூடி மேடாக் கிடந்தப்ப அந்தக் கதவுதான் தரைமட்டம். மண்ணைத் தோண்டி எடுத்ததும் கதவு அந்தரத்துல நின்னுபோச்சு. இது ஒண்ணைப் பாத்தா ஃபோரம் எவ்வளவு ஆழத்துல புதைஞ்சு கிடந்துச்சுன்னு அப்பாவுக்குத் தானாப் புரிஞ்சிரும், தனியா ஒரு பாடம் வேண்டாம்.

கொலோசியத்துக்கும் அப்படித்தான். உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய நின்னு ரெண்டு விஷயம் காட்டுங்க. வடக்குப் பக்கம் முழு உயரத்துக்கு நிக்கிற சுவருல வளைவுகளுக்கு மேல ரோம எண் செதுக்கியிருக்கும், அது வாசல் நம்பர். மொத்தம் 80 வளைவு, அதுல 76க்கு எண் போட்டிருந்தாங்க. ரெண்டாவது, சுவர் பூரா பொத்தல். குண்டு பட்டதுன்னு நினைச்சிருவாங்க. கல்லோட கல்லைப் பிடிச்சிருந்த இரும்புக் கவ்வியை இடைக்காலத்துல நோண்டி எடுத்த தடம் அது. இரும்புக்கு அவ்வளவு கிராக்கி.

மொத்தம் கொலோசியத்துல 4, ஃபோரத்துல 7. அதுக்கு மேல போனா கேக்க மாட்டாங்க. ஃபோரத்துக்கு என் கணக்கு: டைட்டஸ் வளைவு, மாக்சென்டியஸ் பசிலிகாங்கிற பெரிய பொது மண்டபம், மேல சொன்ன கோவில், சீசரை எரிச்ச இடத்துல எழுப்புன கோவில், செனட் கூடின கூரியா, செவெரஸ் வளைவு, அணையா நெருப்பைக் காத்த வெஸ்டா கன்னியர் வீடு. பாலட்டைனுக்கு ஏறுறது அவங்க முழங்காலைப் பொறுத்தது. கொலோசியத்துல மேல போக லிஃப்ட் உண்டு, படி ஏற முடியாதுன்னு ஊழியர்கிட்ட சொல்லிக் கேளுங்க.

சிந்துபூந்துறை:

பதியுற விஷயத்துக்கு நான் சேத்துக்கிடுதேன்.

ஒரு பதிவு ரெண்டரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம். நிமிஷத்துக்கு 90 சொல் வச்சு எழுதுங்க, அதுவே நின்னு கேக்குறவங்களுக்குச் சரியான வேகம். எழுத்துத் தமிழ்ல வாசிக்காதீங்க, வீட்டுல பேசுற மாதிரியே பேசுங்க. தமிழ் வாசிக்கிற கம்ப்யூட்டர் குரலை நம்பாதீங்க: "கி.பி."ல தடுக்கும், "வெஸ்பாசியன்"ல விழும்.

ஃபேனை அணைச்சு, சன்னலைச் சாத்தி, போனை வாயிலருந்து ஒரு சாண் தள்ளி வச்சுப் பதியுங்க. நேரா நீட்டாம கொஞ்சம் சரிச்சு வச்சா "ப"ல காத்து அடிக்காது. மோனோவா, 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். நிமிஷத்துக்கு அரை எம்பிதான் வரும், எல்லாம் சேர்ந்தாலும் 15 எம்பி தாண்டாது.

ஃபைல் பேர் 01, 02ன்னு ரெண்டு இலக்கமா ஆரம்பிக்கணும். வெறும் 1, 2ன்னு வச்சா சில போன்ல 1க்கு அடுத்து 10 வந்து நிக்கும். நம்பருக்குப் பின்னால தமிழ்லயே பேர் போடுங்க, "05 அந்தரத்துக் கதவு" மாதிரி. லத்தீன் பேரை வச்சா அங்க நின்னு தேட முடியாது.

வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடிரும். சாதாரண மியூசிக் பிளேயர்லயும் அதே தொல்லைதான். அடுத்ததுக்குப் போகாம நிறுத்துற அமைப்பு இருந்தா அதைப் போடுங்க. இல்லன்னா ஒவ்வொரு பதிவோட கடைசியிலயும் "இப்ப நிறுத்திக்கிடுங்க"ன்னு சொல்லி 20 நொடி மௌனம் விடுங்க.

இடத்துக்குப் போனதும் ஜிபிஎஸ் பாத்து தானா ஓடுற ஆப் நிறைய இருக்கு. இந்த இடத்துக்கு அது ஆகாது. கொலோசியத்துக்குள்ள கனமான கல் வளைவுக்கு அடியில சிக்னல் தாவும். பாலட்டைன் மேல நிக்கிறதும் அதோட அடிவாரத்துல நிக்கிறதும் மேப்ல பக்கத்துப் பக்கத்துப் புள்ளிதான், உயரம் அதுக்குத் தெரியாது. கையால அழுத்துறதுதான் நம்பகம்.

ஆளுக்கொரு போன் கொடுத்தா பத்து நிமிஷத்துல ஒருத்தர் அஞ்சுலயும் இன்னொருத்தர் ஏழுலயும் இருப்பாங்க. ஒரே போன், அதுல ரெண்டு இயர்போன் மாட்டுற ஒய் மாதிரி பிரியுற ஒயர், அவ்வளவுதான். போன்ல உருண்டைத் துளை இல்லன்னா டைப்-சி மாத்துக் கனெக்டர் ஒண்ணு சேத்து வாங்குங்க. ஒரு காதுல மட்டும் மாட்டட்டும், தங்கச்சி கூப்பிட்டா கேக்கணும், கைப்பையிலயும் கவனம் இருக்கணும். மெட்ரோ பி லைன்ல பிக்பாக்கெட் உண்டு.

புறப்படுறதுக்கு முன்னாடி காலையில வஉசி மைதானத்தைச் சுத்தி நடக்கும்போது ரெண்டு பதிவை ஓட விட்டுப் பழக்குங்க. நிறுத்துறது, பத்து நொடி பின்னால போறது, இந்த ரெண்டு மட்டும் கைக்கு வந்துட்டாப் போதும்.

கொக்கிரகுளம்:

எல்லாரும் கொலோசியம், ஃபோரம்னே சொல்லுதீங்க. கையில இருக்கிற அந்த இன்னொரு நாளை ஆஸ்டியா ஆண்டிகாவுக்குக் கொடுங்க அண்ணாச்சி. நம்ம பக்கத்து ஆளுக்கு அதுதான் ஒட்டும். ஃபோரம் பூரா ராஜா, யுத்தம், செனட். ஆஸ்டியா துறைமுகப்பட்டினம். டைபர் ஆத்து முகத்துல இருந்தது. ஆறு மண்ணைக் கொண்டாந்து தள்ளித் தள்ளி இப்பக் கடல் 3 கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு. தாமிரபரணி கொற்கைக்குப் பண்ணின அதே வேலை. இதைப் பதிவுல முதல் வரியா வச்சாப் போதும், மீதியை அப்பாவே உங்களுக்குச் சொல்லுவாரு.

மெட்ரோ பி லைன்ல பிரமிடே ஸ்டேஷன்ல இறங்கி, பக்கத்துலயே இருக்கிற போர்டா சான் பாவ்லோ ஸ்டேஷன்ல லிடோ ரயில். ஊருக்குள்ள ஓடுற அதே 1.50 யூரோ டிக்கெட்தான், 100 நிமிஷம் செல்லும். அரை மணி நேரப் பயணம். ஆஸ்டியா ஆண்டிகாவுல இறங்கி, சாலைக்கு மேல போற நடைபாலத்தைத் தாண்டினா கொஞ்ச தூரம் நடை. இடிபாட்டுக்குத் தனி நுழைவுச் சீட்டு வாங்கணும். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பாத்துக்கிட்டு நாளைக் குறிங்க.

உள்ள அஞ்சு இடம் போதும். நெப்டியூன் குளியல்கூடத்துல மேடையில ஏறிப் பாத்தா கீழ கறுப்பு வெள்ளைக் கல்லுல குதிரை பூட்டின கடல்தெய்வம். அடுத்து நாடக அரங்கு, அதுக்குப் பின்னால வணிகர் சதுக்கம். இங்கன கூடுதல் நேரம் நில்லுங்க. சுத்திவரச் சின்னச் சின்ன அறை, ஒவ்வொண்ணுக்கு முன்னாலயும் தரையில அந்தக் கம்பெனியோட படம்: கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கிற மரக்கால், வட ஆப்பிரிக்க சப்ராத்தா ஊர்க்காரங்களுக்கு யானை. போர்டுக்குப் பதிலாத் தரையிலயே விளம்பரம். அதுக்கப்புறம் எரிமலைக் கல்லுல செஞ்ச ஆளுயரத் திருவை இருக்கிற மாவாலை, கடைசியா டயானா தெருவுல கல்மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. கடைச் சுவருல என்ன கிடைக்கும்னு படமாவே வரைஞ்சிருக்கும்.

மிளகு கதையையும் ஃபோரம் பதிவுல சேத்துருங்க. மாக்சென்டியஸ் பசிலிகாவுக்கு அடியில மிளகுக் கிடங்கு இருந்துச்சு, ராஜா டொமிஷியன் கட்டினது. எல்லாம் நம்ம ஊர்ச் சரக்கு.

தாமிரபரணிக்கரை:

ஒரு திருத்தம். கிடங்கு விஷயம் சரி, மிளகு நம்ம ஊர்ச் சரக்கு இல்ல. அது மலைக்கு அந்தப் பக்கம் சேரநாட்டுல விளைஞ்சு முசிறி வழியாப் போனது. நம்ம பக்கம்னா முத்து. முதல் நூற்றாண்டுல கிரேக்கத்துல எழுதின எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்ங்கிற கடல்வழிக் கையேட்டுல கொற்கை "கொல்கோய்"னு வருது: பாண்டிய நாட்டைச் சேர்ந்தது, தண்டனைக் கைதிகளை வச்சு முத்துக் குளிக்கிறாங்கன்னு இருக்கு. ரோம எழுத்தாளர் பிளினி வேற, இந்தியா, சீனா, அரேபியா மூணும் சேர்ந்து வருஷம் பத்துக் கோடி செஸ்டெர்ஸ் காசை உறிஞ்சுதுன்னு புலம்பியிருக்காரு. கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்துப்போன அதே பிளினிதான். பசிலிகா முன்னால நிக்கும்போது இதை ஒரு நிமிஷம் சொல்லுங்க, ஆனா "ரோமாபுரியே நம்மாலதான் அழிஞ்சுது"ன்னு வாட்ஸ்அப் கணக்கா நீட்டிராதீங்க.

கால் விஷயத்தை யாரும் சொல்லல. ஃபோரத்துல புனிதப் பாதை பூரா கறுப்புப் பாறைக்கல். பெரிசு பெரிசா, மேல வழவழன்னு, நடுவுல குதிகால் மாட்டுற அளவுக்குச் சந்து. ரப்பர் செருப்பு வழுக்கும். மழை தூறினா இன்னும் மோசம். அம்மாவுக்குப் பட்டி வச்ச ஷூ, சேலையைக் கணுக்காலுக்கு மேல நிக்கிற மாதிரிக் கட்டச் சொல்லுங்க, சுடிதார் பழக்கம்னா இன்னும் நல்லது. நடந்துக்கிட்டே கேக்க வேண்டாம், நின்னு கேட்டு, நிறுத்திட்டு நடக்கணும். தண்ணிக்குக் காசு கொடுக்காதீங்க. ஊர் பூரா இரும்புக் குழாயில குடிக்கிற தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், ஃபோரத்துக்குள்ளயும் உண்டு. கண்ணாடிப் பாட்டிலும் பெரிய பையும் கொலோசியத்துக்குள்ள விட மாட்டாங்க, வச்சுட்டுப் போக இடமும் கிடையாது.

பாளை_தெற்குபஜார்:

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. ஆஸ்டியா முடிவு பண்ணியாச்சு. ஒரு சந்தேகம் மட்டும்: கொலோசியம் முதல்லயா, ஃபோரம் முதல்லயா? அவங்க போறது அக்டோபர் கடைசி வாரம்.

குறுக்குத்துறை:

கொலோசியத்துக்குக் காலையில கிடைக்கிற முதல் நேரத்தை எடுங்க. ஒன்றரை மணி நேரத்துல முடியும். வெளிய வந்து முதல்ல சாப்பிட வச்சுருங்க, அப்புறம் ஃபோரம். ஃபோரத்தை விட்டு வெளிய வந்துட்டா திரும்ப நுழைய முடியாதுங்கிறதால இந்த வரிசைதான் சரி. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க, அதோட மூடுற நேரமும் முன்னால வந்துரும், கடைசி நுழைவு அதுக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி. அந்த ஞாயிறுக்கு அப்புறம் போறாங்கன்னா பன்னெண்டரைக்குள்ள ஃபோரத்துக்குள்ள இருக்கணும், தங்கச்சிகிட்ட சொல்லி வைங்க. போன்ல தானா நேரம் மாறிரும், அப்பா கையில கட்டியிருக்கிற வாட்சைத்தான் மாத்தி வைக்கணும்.