கடலுக்கும் வாவிக்கும் நடுவில மூலிகை காய வைக்கிறது: எங்கட அனுபவங்கள்

ஆரையம்பதியிலிருந்து

துளசி, ஆடாதோடை, தூதுவளை, மொசுமொசுக்கை எல்லாம் வளவுக்குள்ளயே நிக்குது. ஆய்ஞ்சு காய வைச்சா வருசம் முழுக்கக் கைக்கெட்டின தூரத்தில இருக்கும். ஆனா எங்கட மட்டக்களப்புப் பக்கத்து ஊர்க் காத்துக்கு அது பார்க்கிற அளவுக்கு லேசான வேலை இல்ல. கிழக்கால கடல், மேற்கால வாவி. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக் காத்தோட மழை. அந்த மாசங்களில கொடியில போட்ட உடுப்பே காயாது, இலை எப்பிடிக் காயும்? அதனால நான் பெரிய அறுவடையை மாசி, பங்குனிக்குத்தான் வைச்சுக்கொள்ளுறன்.

துளசியைப் பூ விடத் தொடங்கேக்க, காலையில பனி உலர்ந்த கையோட வெட்டுவன். அந்த நேரத்து இலையிலதான் வாசம் நிறைஞ்சிருக்கும். மறுகா சின்னச் சின்னப் பிடியாக் கட்டி, விறாந்தையில தலைகீழாத் தொங்க விடுவன். பெரிய பிடியாக் கட்டினா நடு இலை அவிஞ்சு கறுத்துப் போகும். ஆடாதோடை இலையைக் காம்போட கிள்ளி, பன்பாயில ஒண்டுமேல ஒண்டு படாமப் பரப்பி, மேல நுளம்பு நெற் போடுவன். ஒண்டையும் வெயிலில வைக்கிறதில்ல. சுள்ளெண்ட வெயில் பச்சையையும் எடுத்துப்போடும், வாசத்தையும் எடுத்துப்போடும்.

நாலஞ்சு நாளில இலை கையில நொறுங்கும். கனபேர் அதோட போத்தலில அடைச்சு மூடிருவினம். நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். இலை காயிறது ஒண்டு, தண்டு காயிறது வேற ஒண்டு. இலை சருகாக் கிடக்கும்போதே தண்டுக்குள்ள ஈரம் ஒளிஞ்சிருக்கும். தண்டை வளைச்சுப் பாருங்கோ. வளைஞ்சு குடுத்தா ஈரம் இன்னும் இருக்கு, டக்கெண்டு முறிஞ்சா சரி.

முறிஞ்சாலும் உடன நம்பிவிடக் கூடாது. கண்ணாடிப் போத்தலில முக்கால்வாசிக்குப் போட்டு இறுக்கி மூடி, ஒரு இரவு வைச்சுப் பார்க்க வேணும். விடிய உள்பக்கம் ஆவி படிஞ்சிருந்தா, இல்லாட்டி நேற்று நொறுங்கின இலை இண்டைக்குத் துவண்டிருந்தா, தண்டிலிருந்த ஈரம் இலைக்கு இறங்கிட்டுது எண்டு அர்த்தம். திருப்பிச் சுளகில கொட்டுங்கோ. ஆவி இல்லாம இலை கொஞ்சம் மெதுமெதுப்பா மட்டும் இருந்தா, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைச்சாப் போதும். முதல் ரெண்டு கிழமையும் இப்பிடித் திறந்து மூடுறதிலதான் முழு வேலையும் இருக்கு. அதுக்குப் பிறகு வாசம் ஒரு நிலைக்கு வரும், பச்சைப் புல் மணம் போயிரும். சின்ன ஈரப்பதமானி கிடைச்சா ஒண்டை உள்ளுக்குப் போட்டுப் பாருங்கோ. 60 வீதத்துக்குக் கீழ நிண்டா நிம்மதி. 65ஐத் தாண்டினாப் பூஞ்சணத்துக்கு வழி திறந்த மாதிரி.

திருக்கோவிலிலிருந்து

அக்கா சொன்ன பூஞ்சணத்தைப் பற்றி நானும் சொல்ல வேணும். கடையொண்டில காய்ஞ்ச நிலவேம்புப் பைக்கற் வாங்கினன். வெளியில பார்க்க நல்ல சரக்கு. பிரிச்சா நடுக்கட்டில சாம்பல் நிறத்தில பஞ்சு மாதிரிப் படிஞ்சிருக்கு, நனைஞ்ச சாக்கு மணம். அவிக்கத்தானே போறம், கொதிச்சா எல்லாம் செத்துரும் எண்டு வீட்டில சொல்லிச்சினம். எங்கட பரிசாரியார், நாட்டு வைத்தியர், ஒத்துக்கொள்ளயில்ல. சில பூஞ்சணம் விடுற நஞ்சு கொதிதண்ணியில அழியாது எண்டு சொல்லி, முழுப் பைக்கற்றையும் எரிக்கச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அஃப்ளாடொக்சின் எண்ட நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அசையாது. பூத்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மிச்சத்தைப் பாவிக்கிறதும் பிழை, ஏனெண்டால் கண்ணுக்குத் தெரியாமலும் அது பரவியிருக்கும்.

அண்டிலிருந்து நிலவேம்பை நானே நட்டு எடுக்கிறன். பூக்கத் தொடங்கேக்க வெட்டினாத்தான் கைப்பு முழுசா இருக்கும். தண்டு கெட்டி எண்டபடியால் விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் காய வைக்க வேணும். கர்ப்பமா இருக்கிற பிள்ளையளுக்கு நிலவேம்பு குடுக்கப்படாது எண்டதையும் பரிசாரியார் தெளிவாச் சொன்னவர், இதையும் எல்லாரும் மனசில வைச்சிருங்கோ.

கொக்கட்டிச்சோலையிலிருந்து

வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில, எங்கட பெத்தா (பாட்டி) மார்கழியிலயும் காய வைப்பா. விறகடுப்புக்கு மேல பரண், அதில கடகம். வேர், பட்டை, நிலவேம்பு எல்லாத்துக்கும் அது நல்ல வழி, வண்டும் கிட்ட வராது. துளசியை மட்டும் அங்க ஏத்த விடமாட்டா. புகை மணம் ஏறினாத் துளசி துளசியா இருக்காது எண்டு சொல்லுவா.

இப்ப எங்கட வீட்டில காஸ் அடுப்பு. மழைக்காலத்தில அட்டைப் பெட்டியில மேலயும் கீழயும் துளை போட்டு, மூலையில சின்ன மேசை விசிறி வைச்சுப் பார்த்தன். சூடு தேவையில்ல, காத்து ஓடினாலே பாதி வேலை முடியுது. ஆனா அடைமழை நாளில விசிறி ஈரக் காத்தைத்தான் சுத்தவிடும். அண்டைக்கு வெட்டாம விடுறது நல்லது.

கச்சான் காத்துக் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜூன், ஜூலையில அந்த வறண்ட காத்து இலையின்ர வெளிப்பக்கத்தை ஒரே நாளில சருகாக்கிப்போடும், உள்ளுக்குள்ள ஈரம் அப்பிடியே நிக்கும். அந்த மாசங்களில நான் காத்துப் படுற பக்கம் வெள்ளைச் சீலை ஒண்டைக் கட்டிவிடுறன். கற்பூரவள்ளியை எப்பிடிக் காய வைக்கிறது எண்டு ஆருக்கும் தெரியுமோ?

ஆரையம்பதியிலிருந்து

தம்பி, கற்பூரவள்ளியைக் காய வைக்க மினக்கெட வேண்டாம். தடிச்ச இலை, முழுக்கத் தண்ணி. காயிறதுக்கு முந்தி அழுகும், காய்ஞ்சாலும் பச்சை இலையின்ர மணம் வராது. ஒரு கொப்பை முறிச்சுச் சட்டியில ஊண்டி விடுங்கோ, வருசம் முழுக்கப் பச்சையாவே ஆயலாம். பெட்டிக்குள்ள விசிறி வைச்சது நல்ல யோசனை. வாற மழைக்கு மொசுமொசுக்கையை அதில போட்டுப் பார்க்கப் போறன்.