டவுனுஸ் காட்டில் லீமெஸ்: எந்தப் பள்ளம் ரோமானியருடையது?

மலைத்தடம்:
ஜெர்மனியின் டவுனுஸ் மலையில் ரோட்டஸ் க்ரோய்ட்ஸ் கணவாயிலிருந்து சால்பர்க் கோட்டை வரை லீமெஸ் என்னும் ரோமானிய எல்லையை ஒட்டி நடக்கத் திட்டம். வரைபடத்தில் கோடு தெளிவாக இருக்கிறது, காட்டிலோ எங்கு பார்த்தாலும் பள்ளம். எப்படிப் பிரித்தறிவது? க்ரோஸர் ஃபெல்ட்பெர்க் உச்சிக்கும் ஏற வேண்டுமா?

கல்லும்மண்ணும்:
லீமெஸ் பார்க்க உச்சி ஏற வேண்டாம். கோடு வடக்குச் சரிவில் ஓடி சாண்ட்பிளாக்கன் கணவாய்க்கு இறங்குகிறது. சுமார் 880 மீட்டர் உயர உச்சி அதற்குத் தெற்கே.

வரிசையை நினைவில் வையுங்கள். வடக்கே, அதாவது எதிரி பக்கம், முதலில் மரவேலி, பிறகு பள்ளம், பள்ளத்தின் தென்கரையில் வெட்டிய மண் கொட்டிய மேடு, அதற்கும் தெற்கே காவல் கோபுரம். மரவேலி ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தது, சுமார் கி.பி. 120. இன்று தரைக்கு மேல் அதன் தடயம் தெரியாது. பள்ளமும் மேடும் பிற்பாடு வந்தவை. வெட்டியபோது பள்ளம் 6 முதல் 8 மீட்டர் அகலம், இரண்டு இரண்டரை மீட்டர் ஆழம். தூர்ந்துபோய் இன்று பல இடங்களில் முழங்கால் ஆழமே. இங்கே மேடு வடக்கிலும் பள்ளம் தெற்கிலும் இருந்தால் அது வேறு ஏதோ.

பழைய வண்டித்தடங்கள்தான் அதிகம் ஏமாற்றும். அவை சரிவில் நேரே ஏறும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்றாக ஓடும், லீமெஸ் பள்ளம்போல் ஒரே கரையில் மேடு என்பது அவற்றில் இருக்காது.

சந்தேகம் வந்தால் கோபுரத்தைத் தேடுங்கள். சில நூறு மீட்டருக்கு ஒன்று உண்டு. கல் கோபுரம் என்றால் சதுர அடித்தளம். மரக் கோபுரம் என்றால் வட்டப் பள்ளம் சூழ்ந்த தாழ்ந்த மேடு. இரண்டும் அருகருகே இருப்பது சகஜம், மரக் கோபுரம்தான் முந்தையது.

பாறைக்காடு:
இந்த வரிசையை உயரமான பகுதியில் அப்படியே பொருத்தினால் தடுமாறுவீர்கள். அடியில் குவார்ட்சைட் என்னும் கடினப் பாறை. சில இடங்களில் பள்ளத்துக்குப் பதிலாகச் சாந்து பூசாத கல்மதில்தான். அது சரிந்து, பாசி பிடித்த நீளக் கற்குவியலாகத் தெரியும்.

ரோட்டஸ் க்ரோய்ட்ஸுக்குப் பக்கத்திலுள்ள ஃபெல்ட்பெர்க் கோட்டையில் தொடங்குவது நல்லது. சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்த எல்லையிலேயே மிக உயரமான கோட்டை. சிறியதுதான், உளவுப் படைப்பிரிவு ஒன்று தங்கியது. அருகிலேயே வைல் ஆற்றின் ஊற்று. அல்ட்கோனிக் மலையிலுள்ள கல்வளையங்களை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அவை கெல்ட் மக்களுடையவை, ரோமானியருக்கு முந்தியவை.

நிழல்வரை:
கிளம்பும் முன் லிடார் நிழல்படம் (வானிலிருந்து லேசரால் அளந்த தரையின் மேடுபள்ளப் படம்) பாருங்கள். ஹெஸ்ஸன் மாநில நிலஅளவைத் துறை 1 மீட்டர் கட்டத் தரையுயரத் தரவை இலவசமாகத் தருகிறது. மென்பொருள் பொதுவாக வெளிச்சத்தை வடமேற்கிலிருந்து விழவைக்கும். கோடு அந்தத் திசைக்கு இணையாகத் திரும்பும் இடத்தில் பள்ளம் காணாமல் போகும். திசையை மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே இடைவெளியில் ஓடும் மெல்லிய இரட்டைக் கோடுகள் மரம் வெட்டும் இயந்திரங்களின் சக்கரத்தடம்.

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள், கோடையில் செடிகொடி எல்லாவற்றையும் மூடிவிடும். பள்ளத்துக்குள் நடக்காதீர்கள், கரை சரியும். உலோகம் தேடும் கருவிக்கு ஹெஸ்ஸனில் அனுமதி வேண்டும். இந்த எல்லை 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது.

சால்பர்க்கில் நிமிர்ந்து நிற்கும் மதிலும் வாயிலும் 1897க்குப் பிறகு திரும்பக் கட்டியவை. அதைப் பார்த்துவிட்டுக் காட்டிலும் அப்படி ஒன்றை எதிர்பார்த்தால் உண்மையான எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.