மறதி இல்லை, பதில் வரத்தான் நேரமாகிறது

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிட ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸ்) கண்டறிய முடியாத அளவு, சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) 600க்கு மேல். அதனால்தான் பேச்சுக்கு நடுவே வார்த்தை நழுவுவதையும் ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்பதையும் வயசாகிறது என்று விட்டுவிட்டேன். கண்டுபிடித்தது மகள். "அப்பா, நீங்க எதையும் மறக்கலை, பதில் வரத்தான் நேரமாகுது" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இரண்டு வேலையைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தடுமாறுகிறேன்.

டாக்டரிடம் சொல்லவே நான்கு மாதம் ஆனது. புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாரோ என்ற பயம். அவர் கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். மோகா என்று பெயர், 30 மதிப்பெண். எனக்கு 23. வைரஸ் மூளையைத் தின்றுவிட்டது என்று அங்கேயே உடைந்துபோனேன். இது வடிகட்டிப் பார்க்கும் சோதனை, இதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்றார். பி12, தைராய்டு, சிபிலிஸ், ஹெபடைடிஸ் சி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார், தூக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றி ரொம்ப நேரம் கேட்டார். பி12 படு குறைவு. கூட்டு மருந்தில் ஒன்றான டோலுடெக்ராவிரை இரவில் போட்டுத் தூக்கம் கெட்டிருந்தது, அதைக் காலைக்கு மாற்றினோம். ஆறு மாதம் கழித்து 26 வந்தது. முழுசாகத் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நோய் தெரிந்தபோது என் சிடி4 48. அவ்வளவு கீழே போனவர்களுக்கு இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகமாம். வைரஸ் தொற்றிய சில வாரத்திலேயே மூளைக்குள் போய்விடும், நரம்பு செல்லை நேராகத் தாக்காமல் அதைக் காக்கிற செல்களில் தங்கி அழற்சியை உண்டாக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். சீக்கிரம் சிகிச்சை தொடங்கச் சொல்வது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

*

அண்ணா, எனக்கு எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்ட காலத்தில் நடந்தது இது. ராத்திரி முழுக்கப் பயங்கரக் கனவு, காலையில் தலைசுற்றல், வேலையில் கூட்டல் கழித்தல்கூட ஓடாது. மருந்தை நானாக நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன், நல்லவேளை கேட்டுவிட்டேன். வேறு மருந்துக்கு மாற்றிய சில வாரத்தில் தலை தெளிந்தது. யாரும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வைரஸ் திரும்ப ஏறினால் மூளைக்கும் அதுதான் கெடுதல்.

*

என் தம்பிக்கு நடந்தது வேறு. ரத்தத்தில் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவு, ஆனால் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஸ்கேனுக்கு அப்புறம் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். அதில் வைரஸ் இருந்தது. இது அபூர்வம்தான் என்றார்கள், ஆனாலும் ரத்த அறிக்கையைக் காட்டி "எல்லாம் நன்றாக இருக்கிறதே" என்று எங்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மருந்துக் கூட்டை மாற்றிய பிறகு மெல்ல மெல்லத் தேறி வருகிறான்.

*

முதலில் எழுதியவன்தான் நான். உங்கள் தம்பி தேறுவது கேட்டு நிம்மதி. நீங்கள் யாரும் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன்: மாத்திரை போட்டேனா இல்லையா என்கிற குழப்பத்தில் ஒரு நாள் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இப்போது ஏழு அறை மாத்திரைப் பெட்டி, போனில் அலாரம். ஞாயிறு அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, அவ்வளவுதான் கணக்கு.