ரெஸ்டோமாட்: தமிழில் என்ன சொல்வது?

கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அவசர உதவி வேண்டும். பழைய கார்க் கண்காட்சி ஒன்றுக்குத் தமிழில் விளக்கப் பலகைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஒரு வண்டிக்கு மட்டும் பெயர் அகப்படவில்லை.

1964ஆம் ஆண்டு அம்பாசடர், மார்க் 2. வெளியே அதே குண்டு முகம், அதே குரோமியப் பட்டை. உள்ளே இரண்டு லிட்டர் ஜப்பானிய டர்போ இன்ஜின், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஆங்கிலப் பலகையில் 'ரெஸ்டோமாட்' என்று இருக்கிறது. ரெஸ்டோரேஷன், மாடிஃபிகேஷன் இரண்டையும் நறுக்கி ஒட்டிய சொல். 'மீட்டுருவாக்கிய கார்' என்று போட முடியாது. பக்கத்தில் ஒரு ஃபியட் 1100 நிற்கிறது. நட்டு, போல்ட்டு வரை பழையபடியே செய்தது. அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும். தலைப்புக்கு இரண்டு சொல்லுக்கு மேல் பலகையில் இடமில்லை.

மதுரையிலிருந்து

அம்மா, வணக்கம்.

'புதுக்கு' என்ற வினை நம்மிடம் இருக்கிறது. கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' வரும். கோயிலில் பழுதானதைச் செப்பனிடுவதற்கென்று விடப்பட்ட நிலம் அது. புதுக்குதல் என்றால் பழையபடியே எடுத்து வைப்பது மட்டும் அல்ல. சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக எடுப்பித்தார். இடம் அதே, தெய்வம் அதே, கட்டுமானம் வேறு. மீட்டலும் மாற்றலும் ஒருங்கே நடந்த திருப்பணி அது. நீங்கள் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியும் இந்த ஒரு வினைக்குள் அடங்கும்.

புதுக்கு + ஊர்தி = புதுக்கூர்தி. குற்றியலுகரம் உயிர் வரக் கெட்டது. புணர்ச்சியில் சிக்கல் எதுவும் இல்லை.

சென்னையிலிருந்து

> புணர்ச்சியில் சிக்கல் எதுவும் இல்லை.

ஐயா, படிப்பதில் இருக்கிறது. பலகையில் பார்த்தவுடன் கண் 'புது + கூர்தி' என்றுதான் பிரிக்கும். அப்புறம் கூர்தி என்றால் என்ன என்று கேட்பார்கள்.

செம்பியன் மாதேவியார் எடுத்துக்காட்டும் இங்கே தலைகீழாகிறது. அங்கே உடல் மாறியது, உள்ளிருந்த தெய்வம் மாறவில்லை. இங்கே உடல் அப்படியே நிற்க, உள்ளிருப்பது மாறியிருக்கிறது.

நான் வண்டித் துறையில் இருப்பவன். வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், அதிலிருந்து சொல் வரட்டும். அம்பாசடர் என்பது 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மூன்றாம் வரிசை. மார்க் 2இல் இருந்தது 1489 சி.சி. இன்ஜின், ஐம்பது சொச்சம் குதிரைத்திறன். பிரேக்கும் ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்றபடி செய்தவை. அதில் இருநூறு குதிரைத்திறனை இறக்கினால் இன்ஜின் நன்றாகத்தான் ஓடும், மற்றதெல்லாம் கைவிட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. பழைய டிரம் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். முறுக்குவிசை கூடியதும் பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டு துள்ளும். இந்தக் காருக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம் கிடையாது, உடற்கூடுதான் சேஸி. அதனால் இன்ஜின் உட்காரும் இடத்தையும் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் தகடு வைத்துப் பற்றவைத்து வலுவாக்கவேண்டும். ரேடியேட்டர் பெரிதாகவேண்டும். புரோபெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், டிஃபரன்ஷியலின் பல்விகிதம் மாறும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது தானாக வந்து நிற்கும். 'இன்ஜின் மாற்றியது' என்று மட்டும் பொருள் தரும் சொல் இவ்வளவையும் மறைத்துவிடும்.

திருநெல்வேலியிலிருந்து

சென்னைத் தம்பி சொன்ன 'உடல் அப்படியே, உள்ளிருப்பது வேறு' என்பதற்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள தொடர் இருக்கிறதே: கூடுவிட்டுக் கூடுபாய்தல். மாடு மேய்த்த மூலன் உடலில் சிவயோகியார் புகுந்தார். ஊரார் கண்ணுக்கு அவன் மூலன். வாய் திறந்தால் திருமூலர். தெருவில் பார்ப்பவருக்கு அம்பாசடர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேறு ஆள்.

கூடுபாய் கார். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். எட்டாம் வகுப்புப் பிள்ளை பலகையைப் படித்தாலும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதைவிட நல்ல சொல் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து

அழகாக இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் மூலன் உடலை யாரும் பற்றவைத்து வலுவாக்கவில்லை. உயிர் புகுந்தது, உடல் எழுந்தது, அவ்வளவுதான். கூடுபாய்தல் என்றால் இன்ஜின் மட்டுமே மாறியதாக ஆகிவிடும். பிரேக் வேலையை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றும் ஆட்களால்தான் விபத்து நடக்கிறது. சொல்லும் அந்த எண்ணத்தை வளர்க்கக்கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும்.

போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் அப்படித்தான் தப்பிப் பிழைத்தன. கையில் கிடைத்த உதிரிப்பாகத்தைப் போட்டு ஓட வைத்த கார்கள் அவை. மாற்றம் அங்கேயும் உண்டு, பழைய உடலும் உண்டு, ஆனால் நோக்கம் வேறு. தேவைக்கு மாற்றியதையும் வேகத்துக்கு மாற்றியதையும் ஒரே சொல்லுக்குள் போட்டால் எனக்கு ஏற்காது. விரைவு என்ற பொருள் சொல்லுக்குள் எங்காவது இருக்கவேண்டும்.

எங்கள் கராஜ்களில் எல்லாவற்றுக்கும் 'கழற்றிப் பூட்டுவது' என்பார்கள். 'மறுபூட்டு' என்று எடுக்கலாமா?

சென்னையிலிருந்து

இங்கே பூட்டு என்றால் திண்டுக்கல்தான் நினைவுக்கு வரும். 'மறுபூட்டுக் கார்' என்று எழுதினால் சாவி தொலைந்து பூட்டு மாற்றிய கார் என்று நினைப்பார்கள். மாடு பூட்டுதல், ஏர் பூட்டுதல் எல்லாம் ஊரில் இன்னும் இருக்கின்றன, ஆனால் இன்ஜினுக்கு அந்த வினை இங்கே வழக்கில் இல்லை.

மதுரையிலிருந்து

யாழ்ப்பாணத்து அன்பர் விரைவுப் பொருள் வேண்டும் என்கிறார். சரியான கேள்வி. 'வேகம்' வடசொல், அதை விட்டுவிடலாம். தொல்காப்பிய உரியியல் 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்கிறது. கதழ் என்பதை அடையாக்கினால் கதழூர்தி.

அம்பாசடர் போன்ற நான்கு கதவுக் காரைச் செடான் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். காருக்கு வருமுன் அது 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆட்கள் சுமந்து செல்லும் மூடிய இருக்கைக்குப் பெயர். அதாவது நமது சிவிகை. 'சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்ற குறளில் பொறுத்தான் சுமப்பவன், ஊர்ந்தான் ஏறிச் செல்பவன். ஊர்தி என்ற பெயர் பிறந்ததும் இதே ஊர்தல் வினையிலிருந்துதான். அமெரிக்கர் சுமைப் பல்லக்கின் பெயரை நான்கு கதவுக் காருக்கு ஏற்றினார்கள் என்றால், நாமும் சிவிகையை ஏற்றலாம். பழஞ்சிவிகை, கதழ்சிவிகை என்று ஒரு குடும்பமே அமையும். பழமை அடை உயிர் முன் வகர உடம்படுமெய் பெறும். திருவெம்பாவையில் 'பழவடியீர்' காண்க. ஆகவே பழைய உடலைக் குறிக்கப் பழவுடல் என்பதும் வழுவன்று.

திருநெல்வேலியிலிருந்து

ஐயா, கதழ்சிவிகை என்றால் எங்கள் ஊரில் தேர்த்திருவிழா வாகனம் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். நூற்பா இருப்பதால் மட்டும் சொல் உயிரோடு இருப்பதாகாது. 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூலாரே இடம் கொடுத்திருக்கும்போது வேகத்தை ஏன் விலக்கவேண்டும்?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

தாமதமாகச் சேர்கிறேன். ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

இங்கே 1968இல் மெர்சிடீஸ் 300 எஸ்.இ.எல். 6.3 வந்தது. எரிக் வாக்சன்பெர்கர் என்ற பொறியாளர் பெரிய 600 காரின் வி8 இன்ஜினை அதைவிடச் சிறிய காருக்குள் இறக்கிப் பார்த்ததிலிருந்து பிறந்த வண்டி. அதையே ஏ.எம்.ஜி. என்ற நிறுவனம் 6.8 லிட்டராக்கி 428 குதிரைத்திறன் எடுத்தது. 1971 ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம். ஜெர்மானியர் வைத்த செல்லப்பெயர் சிவப்புப் பன்றி. பிரிட்டனில் பார்வைக்குச் சாதுவான வேகக் காரை 'க்யூ கார்' என்பார்கள். முதல் உலகப் போரில் வணிகக் கப்பல் வேடத்தில் பீரங்கியை மறைத்துச் சென்ற க்யூ கப்பல்களிலிருந்து வந்த பெயர். திருநெல்வேலி அண்ணாச்சியின் 'கூடுபாய்' இந்த வகைக்குத்தான் நெருங்கி வருகிறது.

ஹாட் ராட் என்ற அமெரிக்க வகை முற்றிலும் வேறு. 1930களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்கத் தொடங்கியவர்கள் மட்கார்டைக் கழற்றினார்கள், கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள். அவர்கள் விரும்பிய 1932 ஃபோர்டு கடைசியில் ஃபோர்டு மாதிரியே இருக்காது. ரெஸ்டோமாடில் பழைய உருவைக் காப்பாற்றுவது பாதி வேலை. அந்தப் பாதியைச் சொல் விட்டுவிடக்கூடாது.

கரூரிலிருந்து

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்குக் கட்டுகிறார்கள். 'வண்டி எங்கே கட்டினது?' என்பதுதான் கேள்வியே. கட்டுவது என்றால் அடிமுதல் முடிவரை பொறுப்பேற்பது. சென்னைத் தம்பி பட்டியல் போட்டாரே, ஆக்சில், பிரேக், வெல்டிங், எல்லாம் அந்த ஒரு வினைக்குள் வரும். மறுகட்டு என்று வைத்தால் பட்டறையிலும் புரியும், பலகையிலும் புரியும்.

கோவையிலிருந்து

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தக் காரைச் செய்த பட்டறையில் கேட்டேன். அவர்கள் சொல்வது 'ஆல்டர் பண்ண வண்டி'. அதையே போடலாம் என்ற ஆசை வந்தது.

சென்னையிலிருந்து

அக்கா, ஆல்டர் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பதே அந்த 'ஆல்டரேஷனை'த்தான். உற்பத்தியாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பலகையைப் படிக்கும் இளைஞர் வீட்டிலுள்ள அப்பாவின் ஃபியட்டில் கை வைக்கக்கூடாது. 'கண்காட்சிக்கும் பந்தயத் தடத்துக்கும் மட்டும்' என்று கீழே ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

மறுகட்டுக்கு என் வாக்கு. ககரம் மிகும்: மறுகட்டுக் கார்.

மதுரையிலிருந்து

எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். மறு என்பதற்குக் குற்றம், களங்கம் என்றும் பொருள் உண்டு. மறுகட்டு என்றால் மருத்துவமனையில் புண்ணுக்கு மறுபடி கட்டுப்போடுவது என்றே முதலில் தோன்றும். பழமையும் இதில் இல்லை, விரைவும் இல்லை. ஆங்கிலச் சொல்லில் இருந்த இரண்டு பாதியில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை.

கரூரிலிருந்து

மறுமணம், மறுபிறவி, மறுபதிப்பு எல்லாவற்றிலும் அதே மறுதானே ஐயா? அங்கெல்லாம் யாருக்கும் களங்கம் தோன்றுவதில்லை.

மதுரையிலிருந்து

மறுமணத்தில் மணம் என்ற சொல் பொருளைத் தாங்குகிறது. கட்டு என்பது பொதுவினை. விறகுக்கும் கட்டு, புண்ணுக்கும் கட்டு. தாங்கும் சொல் வலுவாக இருந்தால்தான் அடை நிற்கும்.

கோவையிலிருந்து

நாளைக் காலை அச்சகம். கரூரும் சென்னையும் மறுகட்டுப் பக்கம் இருக்கிறார்கள், நானும் அப்படியே. தலைப்பு 'மறுகட்டுக் கார்'. அடுத்த வரியில் 'பழைய உரு, புதிய வேகம்' என்று போடுகிறேன். ஸ்டுட்கார்ட் நண்பர் கேட்ட உருவும் யாழ்ப்பாணத்து அண்ணன் கேட்ட விரைவும் அங்கே வந்துவிடுகின்றன. ஐயாவின் 'புதுக்கு' எனக்கு வேறு இடத்தில் பயன்படும்: பக்கத்தில் நிற்கும் ஃபியட்டின் பலகையில் 'புதுக்கிய கார்' என்று வைத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து

ஃபியட்டுக்கு ஏற்கிறேன். அம்பாசடருக்கு ஏற்கவில்லை. இங்கே வந்த சொற்களைத் தொகுக்கும்போது கதழூர்தியையும் ஒரு மாற்றுச் சொல்லாகச் சேர்க்கவேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து

அப்படியென்றால் கூடுபாய் காரையும் சேருங்கள், க்யூ காருக்கு நேராக.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பழைய காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பற்றரியும் வைக்கிறார்களே, அதுவும் மறுகட்டுத்தானா? வேகத்துக்காகவும் செய்கிறார்கள், எரிபொருளுக்காகவும் செய்கிறார்கள். சென்னைத் தம்பி, 52ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறதா?