பிங்க் ஃபிளாய்டின் முழு உருவம் எங்கே கிடைக்கிறது: இசைத்தட்டிலா, திரையிலா, மேடையிலா?

அலைவரிசை (கேள்வி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ஆல்பங்களை, குறிப்பாக 'மெடில்' தொடங்கி 'த வால்' (சுவர்) வரை வந்தவற்றை, நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். அவர்களுடைய படங்களையும் மேடைப் பதிவுகளையும் பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். ஆலன் பார்க்கர் இயக்கி 1982-இல் வெளிவந்த 'த வால்' படத்தை முதலில் பார்த்தேன். ஜெரால்ட் ஸ்கார்ஃபின் சித்திரங்கள், அதிலும் அணிவகுத்து நடக்கும் சுத்தியல்கள், மனத்தை விட்டு அகலவில்லை; ஆயினும் ஆல்பத்தைக் கேட்டு முடிக்கும்போது உண்டாகும் நிறைவு படத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்து, 1994-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் படமாக்கப்பட்ட 'பல்ஸ்' மேடைப் பதிவைப் பார்த்தேன். ஒளியமைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸ் அதில் இல்லை; அதற்கு முன்பே விலகிவிட்டார்.

இந்தக் குழுவின் படைப்பு ஸ்டுடியோவில் முழுமை பெற்றதா, மேடையிலா? ஆல்பங்களை மட்டுமே அறிந்த ஒருவர் பார்த்தே தீர வேண்டிய பதிவு எது? காரணத்தோடு எழுதினால் மகிழ்வேன்.

பழைய_இசைத்தட்டு

என்னைப் பொறுத்தவரை ஸ்டுடியோவே இக்குழுவின் வீடு. 1973-இல் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாடல்களை ஆல்பம் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1972 தொடக்கத்திலிருந்து, மேடைகளில் வாசித்து வந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்றைய வடிவத்தைக் கேட்டால், இன்று நாம் உயிராகக் கருதும் பல பகுதிகள் அதில் இல்லை. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' இருக்கும் இடத்தில் ஆர்கன் இசையும் அதன்மேல் விவிலிய வாசகங்களும் மட்டுமே ஒலித்தன. கிளேர் டோரி என்ற பாடகி 1973 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு வந்து, ஒரு சொல்கூட இல்லாமல் குரலை மட்டும் கொண்டு பாடிய பிறகே அந்தப் பாடல் பிறந்தது. அன்று அவருக்குக் கிடைத்த ஊதியம் 30 பவுண்டு. பாடலை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயர் இடம்பெற, 2004-இல் அவர் வழக்குத் தொடர்ந்து மறு ஆண்டில் உடன்பாடு காண வேண்டியிருந்தது. அவருக்கு அந்த உரிமை இத்தனை தாமதமாகக் கிடைத்ததை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'மணி' பாடலின் தொடக்கத்தில் நாணயமும் கல்லாப்பெட்டியும் தாளம் தப்பாமல் ஒலிப்பதற்குக் காரணம், ஒலிநாடாவை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்ட கைவேலை. இத்தகைய நுணுக்கம் ஸ்டுடியோவின் அமைதியில்தான் கைகூடும். ஆகவே ஆல்பமே மூலம், மற்றவை அதன் நிழல்கள் என்பது என் முடிவு.

மேடைப்பித்தன்

பழைய_இசைத்தட்டு கூறிய தகவல்கள் அனைத்தும் சரியானவை; அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு படைப்பை ஓராண்டுக் காலம் ஊர் ஊராக வாசித்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று ரசிகர்கள் முன்னிலையில் சோதித்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவர்கள் இவர்கள். 1972 மேடைகளில் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து வாசித்த நீண்ட பகுதி ஒன்று இருந்தது. அது போதவில்லை என்று உணர்ந்ததால்தான் அதைக் கைவிட்டு, சிந்தி ஏ.கே.எஸ். என்ற மின்னணு இசைக்கருவியை (சிந்தசைசர்) கொண்டு 'ஆன் த ரன்' பகுதியை உருவாக்கினார்கள். இதுவும் ஒரு முறை நிகழ்ந்ததன்று. 1975-இல் வெளிவந்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்', 1977-இல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று பெயர் மாறி வந்த இரு பாடல்கள் ஆகிய மூன்றையும் 1974-இலேயே மேடையில் வாசித்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் மேடையே அவர்களுடைய பட்டறை.

ஆகவே அலைவரிசை பார்க்க வேண்டிய முதல் படம் 'லைவ் அட் பாம்பேய்'. ஏட்ரியன் மேபன் 1971 அக்டோபரில், வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்டு பின்னர் தோண்டியெடுக்கப்பட்ட பாம்பேய் நகரின் ரோமானிய வட்டரங்கில் இதைப் படமாக்கினார். ரசிகர் ஒருவர்கூட இல்லை. படப்பிடிப்புக் குழுவினரைத் தவிர்த்தால், வெயிலும் கற்படிகளும் அடுக்கி வைத்த ஒலிபெருக்கிகளும் மட்டுமே. முன்பே பதிவு செய்த இசைக்கு வாயசைப்பதற்கு ஒப்புக்கொள்ளாமல் அங்கேயே நேரடியாக வாசித்தார்கள். வட்டரங்கில் போதிய மின்சாரம் இல்லாமல் ஊருக்குள்ளிருந்து நெடுந்தூரம் கேபிள் இழுக்க வேண்டியிருந்ததால் படப்பிடிப்பு நாட்களில் ஒரு பகுதி வீணானது. விடுபட்ட பாடல்களைப் பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்துச் சேர்த்தார்கள்.

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' வரும்போது கூர்ந்து பாருங்கள். பாடலின் பெரும்பகுதியில் கேமரா டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனை விட்டு நகர்வதே இல்லை. ஓரிடத்தில் அவர் கையிலிருந்து குச்சி நழுவிப் பறக்கிறது. மற்றொரு கையின் அடி ஓயாமலிருக்கும்போதே வேறு குச்சியை எடுத்துத் தாளம் பிசகாமல் தொடர்கிறார். ஸ்டுடியோவாக இருந்தால் அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி வாசித்திருப்பார்கள். 'எக்கோஸ்' பாடலில் கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட்டும் கிட்டார் வாசிக்கும் டேவிட் கில்மோரும் குரல் இணைத்துப் பாடுவதைப் பார்த்தால், இந்தக் குழுவின் உயிர்நாடி அந்த இருவருடைய குரல் இணக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பது விளங்கும். வாட்டர்ஸா, கில்மோரா என்று பல ஆண்டுகளாக நடக்கும் வாதத்தில் ரைட்டின் பெயர் அடிபட்டுப் போவது பெரிய அநீதி.

கருநிலா

மேடைப்பித்தன் சொல்வது 'அனிமல்ஸ்' வரை முற்றிலும் பொருந்தும். 'த வால்' அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. 1977 ஜூலையில் மான்ட்ரியல் விளையாட்டரங்கில், முன்வரிசை ரசிகர் ஒருவர்மீது வாட்டர்ஸ் ஆத்திரத்தில் எச்சில் உமிழ்ந்தார். தமக்கும் ரசிகர்களுக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் தோன்றியது. மேடையில் ஏற்பட்ட மனமுறிவே கருவானதால், அதன் தீர்வும் மேடையில்தான் இருந்தது. ஆல்பம் 1979 நவம்பரில் முதலில் வந்தது. மேடை வடிவம் 1980, 1981 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் அருகிலுள்ள யூனியன்டேல், லண்டன், டார்ட்மண்ட் ஆகிய நான்கு ஊர்களில் மட்டுமே நடந்தது. இன்னும் பல ஊர்களுக்குக் கொண்டுசெல்ல முடியாத அளவுக்குச் செலவு.

அலைவரிசைக்குத் திரைப்படத்தில் நிறைவு கிடைக்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். நிகழ்ச்சியின் முதற்பாதியில் அட்டைப்பெட்டிச் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இசைக்கலைஞர்களைக் கொஞ்சங்கொஞ்சமாக மறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசிக் கல்லும் வைக்கப்பட்டு, இடைவேளைக்குப் பிறகு 'ஹே யூ' தொடங்கும்போது மேடையில் ஒருவரும் தெரியமாட்டார்கள். ஏறத்தாழ 40 அடி உயரச் சுவர் மட்டும் நிற்கும், அதன் பின்னாலிருந்து குரல் வரும். படத்திலோ அந்தப் பாடலே இல்லை. பிறகு 'கம்ஃபர்டப்லி நம்ப்'. சுவருக்கு முன்னால், கீழே, ஒளிவட்டத்தில் நின்று வாட்டர்ஸ் பாடுகிறார். அவர் வரி முடிந்ததும் சுவரின் உச்சியில் கில்மோர் தோன்றுகிறார், பின்னாலிருந்து வெளிச்சம் பாய்கிறது, கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்க்கிறது. ஆல்பத்தில் நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதை மேடையில் கண்ணால் பார்க்க முடிந்தது. திரைப்படம் ஒரு தனி மனிதனின் சிதைவாகக் கதையைச் சுருக்கிவிட்டது. சுவருக்கு மறுபுறம் இருக்க வேண்டிய ரசிகர் அதில் காணாமல் போனார்.

அலைவரிசை

மூவருக்கும் நன்றி. 'ஹே யூ' படத்தில் இல்லை என்பதைக் கவனித்திருந்தேன். அதன் இழப்பு எவ்வளவு பெரிது என்பது இப்போதுதான் புரிகிறது. அப்படியானால் வாட்டர்ஸ் பின்னாளில் தனியாக நடத்திய நிகழ்ச்சிகளையும், கில்மோர் 2016-இல் அதே பாம்பேய் வட்டரங்குக்குத் திரும்பிச் சென்று வாசித்ததையும் எப்படி மதிப்பிடுவது?

கருநிலா

வாட்டர்ஸ் 2002-இல் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது நேரில் கேட்டேன். சொற்களின் கூர்மை சற்றும் குறையவில்லை. ஆனால் கில்மோர் பாட வேண்டிய வரிகளை வேறு கலைஞர்கள், திறமையாகவே, பாடியபோது அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. 'பல்ஸ்' பார்க்கும்போது இதற்கு நேர்மாறான வெறுமை தோன்றுகிறது. 2016 பாம்பேய் நிகழ்ச்சியில் ரசிகர்கள் இருந்தார்கள், கிட்டார் இசை அற்புதமாக இருந்தது. ஆனால் ரைட் 2008-இலேயே மறைந்துவிட்டதால் 'எக்கோஸ்' பாடப்படவில்லை. கில்மோர் அந்தப் பாடலை அவர் இல்லாமல் தொடுவதில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வரும் கடைசியாக ஒன்றாக நின்றது 2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில், 'லைவ் 8' என்ற வறுமை எதிர்ப்பு இசை நிகழ்ச்சியின் மேடையில். நான்கைந்து பாடல்கள்தான், தவறாமல் பாருங்கள்.

மேடைப்பித்தன்

பதிப்புகளைப் பற்றி ஒரு குறிப்பு. பாம்பேய் படத்தின் 1972 வடிவம் இசை மட்டும் கொண்டது. 1974 வடிவத்தில்தான் ஆபி ரோட்டில் 'டார்க் சைட்' உருவாகும் காட்சிகளும், சிந்தி கருவியோடு வாட்டர்ஸ் வேலை செய்வதும் சேர்க்கப்பட்டன. 2025-இல் படச்சுருளைப் புதுப்பித்து, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் புதிய ஒலிக்கலவையோடு திரையரங்குகளில் வெளியிட்டார்கள். கிடைத்தால் அதையே பாருங்கள். 1980–81 'த வால்' மேடை இசை 2000-இல் ஒலிப்பதிவாக வந்தது. 1974 நவம்பரில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் 'டார்க் சைட்' முழுவதையும் வாசித்த பதிவு 2011-இல் வெளியானது. பழைய_இசைத்தட்டு அந்த வெம்ப்ளிப் பதிவில் 'டைம்' பாடலின் கிட்டார் பகுதியை மட்டுமாவது ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு, தம் கருத்தை மறுபடியும் இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.