இலை ஈர சென்சார் தினமும் ‘அபாயம்’ என்கிறது: எதை நம்பி மருந்து அடிப்பது?

பச்சைத்தழை:
வணக்கம். திறந்தவெளித் தக்காளி, ஒன்றரை ஹெக்டேர். வானிலைக் கருவியோடு ஒரு இலை ஈர சென்சார் இருக்கிறது, ஆப்பில் டாம்காஸ்ட் (இலை ஈர நேரத்தையும் வெப்பத்தையும் வைத்துத் தினமும் நோய் அபாய மதிப்பெண் போட்டுக் கூட்டும் கணக்கு) ஓடுகிறது. காலை 10 மணிக்கு இலையைத் தொட்டால் காய்ந்திருக்கிறது. சென்சார் இன்னும் ஈரம் என்கிறது. ட்ரோன் எடுத்த என்டிவிஐ படத்தில் (செடியின் பசுமையை நிறத்தில் காட்டும் படம்) சிவப்பாக இருக்கும் இடத்துக்குப் போனால் நோயே இல்லை. எதை வைத்து முடிவெடுப்பது? பின்பருவக் கருகலுக்கும் டாம்காஸ்ட் போதுமா?

ஈரமானி:
முதல் சந்தேகம் சென்சார் மேல்தான். மருந்துப் படிவும் தூசியும் சேர்ந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்த நிலையின் அளவீடும் மேலே ஏறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு உச்சி வெயிலில் வரும் மூல அளவை (ஈரம், காய்வு என்று மாற்றப்படாத சென்சார் எண்) குறித்துக்கொண்டு, கைத்தெளிப்பானால் பனிபோல் நீர் அடித்து மறுபடி குறியுங்கள். ஈர எல்லையைக் காய்ந்த அளவுக்குச் சற்று மேலே வையுங்கள். சென்சாரைப் படுக்கையாக வைத்திருந்தால் நீர் தேங்கும்; சுமார் 45 பாகை சாய்த்து, வடகோளார்த்தத்தில் வடக்கு பார்க்க, தழைக்குள் பொருத்த வேண்டும்.

இந்தப் பிழை சின்னது இல்லை. டாம்காஸ்ட் அட்டவணைப்படி ஈர நேரத்தின் சராசரி வெப்பம் 21–25 டிகிரி என்றால் 3–5 மணி நேர ஈரத்துக்கு 1 மதிப்பெண், 6–12 மணிக்கு 2. உண்மையில் 5 மணி நேரம் இருந்த ஈரத்தைச் சென்சார் 7 என்று சொன்னால் மதிப்பெண் இரட்டிப்பு. மதிப்பெண் கூட்டுத்தொகை 15 ஆனதும் தெளிப்பு என்று வைத்திருந்தால், 15 நாளில் அடிக்க வேண்டியதை 8-ஆம் நாளே அடிப்பீர்கள். ஒவ்வொரு தெளிப்புக்கும் பிறகு கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறீர்களா என்பதையும் பாருங்கள்.

பூஞ்சணன்:
டாம்காஸ்ட் முன்பருவக் கருகல், செப்டோரியா இலைப்புள்ளி, பழ ஆந்த்ராக்னோஸ் மூன்றுக்கும்தான். பின்பருவக் கருகலைத் தருவது ஃபைட்டாப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர். அதற்கு வேறு கணக்கு. பிரிட்டனில் உருளைக்கிழங்குக்கு 2017 முதல் இருக்கும் ஹட்டன் விதி: தொடர்ந்து இரண்டு நாள், குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், நாளுக்கு 6 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதில் வெப்பத்துக்கு மேல் எல்லை கிடையாது, எனவே வெப்பமான ஈர இரவுகள் உள்ள இடத்தில் அது சும்மா சும்மா மணியடிக்கும். அங்கே ‘வாலின்’ (Wallin) என்ற கணக்கு முறை பரவாயில்லை: 15–27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் 10 மணி நேரம் நீடித்தால்தான் மதிப்பெண்ணே தொடங்கும், கூட்டுத்தொகை 18 ஆனதும் முதல் தெளிப்பு.

இரண்டுமே 90 என்ற கோட்டில் நிற்பதால் ஈரப்பத சென்சார் 3 சதவீதம் தவறினாலே முடிவு மாறும். மூடிய ஜாடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து வைத்து, சென்சாரை உப்பில் படாமல் தொங்கவிடுங்கள். சில மணி நேரத்தில் 75-ஐ ஒட்டி நிலைக்க வேண்டும்.

மேல்பார்வை:
என்டிவிஐ பச்சையின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. செடி விழுந்த இடம், தண்ணீர்க் குறை, தழைச்சத்துக் குறை, நூற்புழு எல்லாமே சிவப்புதான். அதைவிட முக்கியம், முன்பருவக் கருகல் அடி இலையில் தொடங்குகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு படத்தைத் தனியாகப் பார்க்காமல் போன படத்தோடு கழித்து, எங்கே மாறியது என்று பாருங்கள். அதற்கு ஒரே நேரத்தில், உச்சிப்பொழுதை ஒட்டிப் பறக்கவிட வேண்டும்; பறப்பதற்கு முன்னும் பின்னும், வெளிச்ச வேறுபாட்டைச் சரிசெய்ய உதவும் அளவுப் பலகையைப் படம் எடுக்க வேண்டும். மாறிய இடங்களோடு, பனி தாமதமாகக் காயும் பள்ளம், மர நிழல் ஓரம் ஆகியவற்றிலும் அடி இலையைத் திருப்பி வளைய வளையமான பழுப்புப் புள்ளியைத் தேடுங்கள்.

பச்சைத்தழை:
நன்றி. அப்படியானால் மாறிய பகுதிக்கு மட்டும் முழு அளவு, மற்ற இடத்துக்குப் பாதி அளவு அடிக்கலாமா?

நாசில்:
கூடாது. மாங்கோசெப் போன்ற தொடு மருந்து நோய் வருமுன் இலையை மூடி நிற்பதற்கு. நல்ல பகுதியில் அளவைக் குறைத்தால் அங்கே காப்பே இருக்காது. தழை அடர்த்திக்கேற்ப நீரின் அளவை மாற்றலாம். ஏக்கருக்கான மருந்து அளவு லேபிளில் உள்ளதற்குக் கீழே போகக்கூடாது. நீர் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாளை அடி இலைகளில் செருகி, தெளித்த பின் எண்ணுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 50–70 துளிகள் விழ வேண்டும். ட்ரோன் தெளிப்பில் நீர் மிகக் குறைவு, அதனால் முதலில் தோற்பது அடி இலைதான். உங்கள் நோய் தொடங்குவதும் அங்கேதானே.