புதுப்பிப்பு: பி53 ஒய்220சி, வடிவம் மாறாமலே குலைவது ஏன்?

முந்தைய இழையில் விட்ட கேள்வி: புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் டிஎன்ஏ பிணைப்புக் களத்தில் (டிஎன்ஏவைப் பற்றும் பகுதி) 220ஆம் இடத்து அமினோ அமிலமான டைரோசின் சிஸ்டீனாக மாறினாலும் (இந்த மாற்றம்தான் ஒய்220சி) படிக அமைப்பு, அதாவது படிகமாக்கிப் பார்த்த வடிவம், ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அப்புறம் ஏன் உடல் வெப்பத்தில் மடிப்பு அவிழ்கிறது?

டைரோசினின் பெரிய வளையம் போனதும் மேற்பரப்பில் ஒரு பள்ளம் விழுகிறது. இதனால் மடிப்பின் உறுதியில் ஏற்படும் இழப்பு மோலுக்குச் சுமார் 4 கிலோகலோரி. சின்ன எண்தான், ஆனால் மாற்றமில்லாத இயல்பான களமே 45 டிகிரி செல்சியஸை ஒட்டி அவிழ்ந்துவிடும்; அதனால் இந்தச் சிறு இழப்பே உடல் வெப்பத்தில் அவிழப் போதும்.

இன்னொன்று: 2006இல் புரத ஆய்வாளர் ஆலன் ஃபெர்ஷ்ட் குழு படிகமாக்கியது, வேறு நான்கு மாற்றங்களால் ஏற்கெனவே உறுதியாக்கிய களத்தில் ஒய்220சியைப் புகுத்தித்தான். ஆகவே குலைவைப் படிகத்தில் தேடக்கூடாது, வெப்ப அளவீட்டில்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பள்ளம் டிஎன்ஏவைத் தொடும் பரப்பில் இல்லை. அதில் சிறு மூலக்கூறைப் பொருத்தி மடிப்பைத் தாங்கலாம் என்று 2008இல் ஃபைகான்083 என்ற சேர்மம் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.